ஒற்றைக் குமிழும் ஒன்பது கெஜமும்

இவர் பெயர் நீலகண்டன். எழுதினால் தோஷமில்லை என்று நினைக்கிறேன். கட்டினவள் வாயால்தான் சொல்லக்கூடாது. சொல்ல வேண்டிய அவசியமும் எனக்கு அதிகம் வந்ததில்லை. கரமனை அக்ரஹாரத்தில் 'கம்பி மாமா' என்று கேட்டால் பால்காரன்கூட எங்கள் வாசலைக் காட்டிவிடுவான். கூரைக்கு மேலே கம்பி, மச்சிலே கம்பி, மச்சுப்படியில் சுருள் சுருளாகக் கம்பி. அப்பளம் வைக்கிற டின்னைத் திறந்தால் அதற்குள்ளும் ஒரு சின்னச் சுருள் இருக்கும், ஈரம் படாமல் இருக்கட்டும் என்று.

பகலில் இவர் சர்க்கார் கணக்காபீசில் மற்றவர்களுடைய பென்ஷனைச் சரிபார்க்கிற குமாஸ்தா. காலையிலும் மாலையிலும் மச்சில் உட்கார்ந்து உலகத்தோடு பேசுகிறவர். அதற்கு அமெச்சூர் ரேடியோ என்று பெயர். பரீட்சை எழுதி, கட்டுக்கட கட்டுக்கட என்று தந்தி அடித்துக் காட்டி, டில்லியிலிருந்து லைசென்ஸ் வாங்க வேண்டும். அத்தனையும் செய்து, சொந்தக் கையால் டிரான்ஸ்மிட்டர் கட்டி, கூரைக்கு மேல் ஏரியல் இழுத்து, என்ன பேசுவார் தெரியுமா? "உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது. என் குரல் எப்படிக் கேட்கிறது?" இவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் ஜப்பான்காரனோ ருஷ்யாக்காரனோ, அவனும் இதையே திருப்பிக் கேட்பான். ஒருவர் பேசி முடித்ததும் 'ஓவர்' என்பார், இனி உன் முறை என்று. கல்யாணமான புதிதில் மச்சுப்படியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, இதற்காகவா இத்தனை கம்பி என்று தலையில் அடித்துக்கொண்டு இறங்கிவந்தேன்.

அதற்கும் சட்டம் உண்டு என்று பிறகு சொன்னார். மெஷினைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். சொந்த விஷயம் என்றால் அது முக்கியமில்லாததாக இருக்க வேண்டும். முக்கியமானதையெல்லாம் இதில் பேசிவிட்டால் தந்தி ஆபீஸ் எதற்கு? அதுவும் லைசென்ஸ் உள்ளவர்தான் பேச வேண்டும். மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம். முக்கியமில்லாததைப் பேச சர்க்கார் அனுமதி வாங்கியவர் எங்கள் தெருவில் இவர் ஒருவர்தான். மற்றவர்கள் அனுமதி இல்லாமலே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இவருடைய அக்கா பிச்சம்மாள் எங்களோடு இருந்தாள். சின்ன வயதிலேயே கணவன் போய், கைக்குழந்தையோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். அடுக்களை அவள் ராஜ்யம். விடியும் முன் குளித்து, மடிப்புடவை உடுத்தி, அடுப்பு மூட்டினால் உச்சிவேளை வரைக்கும் யாரும் அவள் பக்கத்தில் போக முடியாது. மடிப்புடவை என்றால் தோய்த்துப் போட்டதிலிருந்து உடுத்துகிறவரை இன்னொருவர் கை படாதது. பட்டால் மறுபடியும் தோய்க்க வேண்டும். அதனால் அந்த ஒன்பது கெஜமும் எட்டாத உயரத்தில் ஒரு மூங்கிலின் மேல் காயும். கோலால் தூக்கிப் போட்டு, கோலாலேயே எடுப்பாள். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் புடவையைத் தொட்டதே இல்லை. தொட ஆசையும் இருந்ததில்லை.

அக்காவின் பிள்ளை பூதலிங்கம், எங்களுக்குப் பூதம். மாமனிடம் தந்தி கற்றுக்கொண்டவன், மாமனுடைய பைத்தியத்தையும் சேர்த்து. படித்து முடித்து ஆப்பிரிக்காவில் ஜாம்பியா தேசத்துக்குக் கணக்கு வாத்தியாராகப் போனான். போன இடத்தில் முதலில் வாங்கியது கட்டிலா, கம்பளியா? இல்லை. அமெச்சூர் லைசென்ஸ்.

எமர்ஜென்சி முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயத்தில் அக்காவுக்குக் காது போக ஆரம்பித்தது. இடது காது முதலிலேயே போய்விட்டது. வலது காதில் பக்கத்தில் நின்று கத்தினால் கேட்கும். காது டாக்டர் பரிசோதனை செய்துவிட்டு இவரைத் தனியாகக் கூப்பிட்டு, நரம்பு வாடுகிறது, மருந்து கிடையாது, மழைக்காலம் வரைக்கும் தாங்கினால் அதிகம் என்று சொல்லிவிட்டார். இவர் தனியாகக் கேட்டுக்கொண்டு வந்ததை எங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். இவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அக்கா முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

அக்கா அழவில்லை. "செரி. அதுக்கு முந்தி அவன் குரலை ஒருக்கா கேக்கணும் எனக்கு. அது மதி, போறும்," என்றாள்.

பூதத்துக்கு லீவு அடுத்த வருஷம்தான். வெளிநாட்டு டிரங்கால் போட்டுப் பார்த்தோம். பகல் முழுவதும் காத்திருந்து கிடைத்த மூன்று நிமிஷமும் "ஹலோ, கேக்கறதா?" என்று இரண்டு பக்கமும் மாறி மாறிக் கத்தியதில் போனது. அக்கா ரிசீவரைக் காதில் அழுத்தி அழுத்தி வைத்துக்கொண்டாள். இரைச்சல்தான் கேட்டதாம். "கடல் மாதிரி இருக்கு. அவன் இல்லை," என்று ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

அப்போதுதான் இவர் சொன்னார்: "நம்ம ஹெட்போன் எதுக்காக்கும் இருக்கு? சத்தத்தை எவ்வளவு வேணும்னாலும் ஏத்தலாம். பூதம் அங்கேர்ந்து பேசட்டும், அக்கா இங்கே கேக்கட்டும். சட்டத்துக்கும் விரோதமில்லை."

கடிதம் எழுதிப் பேசிவைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் நேரம் மாலை ஏழரைக்குப் பூதம் முதலில் பதினைந்து மீட்டர் அலைவரிசையில் கூப்பிடுவான். அங்கே மாமா கிடைக்காவிட்டால் இருபது மீட்டர். அதிலும் இல்லையென்றால் நாற்பது. அதிலும் இல்லையென்றால் மெஷினை அணைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு. எந்த வரிசை அன்றைக்குத் திறந்திருக்கும் என்று ஆகாயத்துக்குத்தான் தெரியுமாம். பத்துக்குப் பத்து மச்சில் உட்கார்ந்துகொண்டு இவர் ஆகாயத்தைப் பற்றி அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்.

இங்கேதான் அந்தப் பெட்டி வருகிறது. என் பிராணனை வாங்கிய பெட்டி. எனக்குப் புரிந்தவரைக்கும் சொல்கிறேன். டிரான்ஸ்மிட்டர் சக்தியைக் கொடுக்கிறது. ஏரியல் அதை வாங்கி ஆகாயத்தில் விட வேண்டும். கொடுக்கிறதும் வாங்குகிறதும் ஒத்துப்போகாவிட்டால் கொடுத்தது திரும்பி வந்துவிடும். வருவது சும்மாவும் வராது. உள்ளே இருக்கிற வால்வைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சிவிடும். எவ்வளவு திரும்பி வருகிறது என்று பெட்டியின் மேல் ஒரு முள் காட்டும். முள் இடது ஓரத்தில் பூஜ்யத்தில் படுத்தால் எல்லாம் சுகம். நிமிர்ந்தால் இவர் முகம் தொங்கிவிடும்.

"குடத்திலேர்ந்து குப்பியிலே எண்ணெய் விடறச்சே புனல் வெக்கறியோல்லியோ, அதாக்கும் இந்தப் பெட்டி," என்றார்.

"வெச்சுட்டாப் போறது. அதுக்கு ஏன் இந்தப் பாடு?"

"ஒரு குப்பின்னா வெச்சுடலாம், மங்கலம். பதினஞ்சு மீட்டருக்கு ஒரு வாய், இருபதுக்கு ஒரு வாய், நாப்பதுக்கு ஒரு வாய். ஒரே கம்பிதான். ஆனா வரிசை மாறினா வேற குப்பி மாதிரி நடந்துக்கறது. ஒவ்வொரு தரமும் புனலை மாத்தணும்."

ஒரே நாளில் அக்காவுக்கு ஒரு மாதிரி, இவருக்கு ஒரு மாதிரி, வாசலில் வருகிறவர்களுக்கு ஒரு மாதிரி நடந்துகொள்கிற எனக்கு இதைச் சொல்லித்தர இவர் வேண்டுமா?

பழைய பெட்டியில் மூன்று குமிழ்கள். ஒன்றைத் திருப்பினால் முள் இறங்கும். அடுத்ததைத் திருப்பினால் முதலாவது கெடும். மூன்றாவதைத் தொட்டால் இரண்டும் கெடும். ஜப்பான்காரனோடு பேசும்போது அவசரமில்லை. பூதத்தோடு அப்படியா? முதல் ஞாயிறு இவர் பதினைந்து மீட்டரில் முள்ளைப் படுக்கவைத்து நிமிர்வதற்குள் அவன் இருபதுக்குப் போய்விட்டான். இவர் இருபதுக்குத் திருகிக்கொண்டிருக்கும்போது நாற்பதுக்குப் போய்விட்டான். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். அக்கா பக்கத்தில் முக்காலியில் மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "அவன் போயிட்டானா?" என்று கேட்டாள். இவர் குமிழை இன்னும் திருகிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தார். மூன்று குமிழ் கூடாது. ஒரே குமிழ். அதற்கு மூன்று நிலைகள். டக்கென்று திருப்பினால் பதினைந்து, டக்கென்று இருபது, டக்கென்று நாற்பது. ஒவ்வொரு நிலைக்கும் உள்ளே கம்பிச்சுருளில் எந்த இடத்தில் தொட்டால் முள் படுக்கிறதோ, அந்த இடத்தை முன்கூட்டியே கண்டுபிடித்து ஈயம் வைத்து ஒட்டிவிடுவது. நல்ல யோசனைதான். நானே சொன்னேன். எளிமையாக ஒன்றைச் செய்வதற்கு ஒரு மனுஷன் இத்தனை கஷ்டப்படுவான் என்று எனக்கு அப்போது தெரியாது. என்னுடைய ஹார்லிக்ஸ் பாட்டில், உள்ளே ஹார்லிக்ஸ் இருக்கும்போதே காலி செய்யப்பட்டு, அதன் மேல் கம்பி சுற்றப்பட்டது. பழைய பெட்டியைப் பிரித்து அதன் உறுப்புகளைப் போட்டார். "புதுசு சரியாகறவரைக்கும் பழசு இருக்கட்டுமே," என்றேன். "குழப்பமில்லை," என்றார். இவர் குழப்பமில்லை என்று சொன்ன இடத்தில்தான் எப்போதும் குழப்பம் ஆரம்பிக்கும்.

ஏரியலையும் நீட்டினார். மச்சு ஜன்னலிலிருந்து கொல்லைக்கோடியில் ஆற்றுப்பக்கம் நிற்கிற பலாமரம் வரைக்கும். அக்காவுக்குக் கோபம் வந்தது. அவள் மடிப்புடவை காயப்போடுகிற இடம் அது. "எனக்கு இருக்கற ஒரு வெயிலையும் நீ கம்பி கட்டி எடுத்துண்டா, நான் ஈரப்புடவையைத் தலையிலேயா காயப்போடுவேன்?" என்று கேட்டாள். இவர் அவளைச் சமாதானப்படுத்த, ஏரியலின் நுனிக்கு நேர் கீழே, ஒரு முழத் தூரத்தில், புது மூங்கில் ஒன்றைக் கிடையாகக் கட்டிக்கொடுத்தார். நல்ல வெயில், யார் தலையும் இடிக்காது. அக்காவுக்குத் திருப்தி. தம்பிக்கும் திருப்தி. எனக்கு என்ன, நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும். பல்பு பூசணிப்பூ மாதிரி எரியும். அதனால் பெட்டி வேலையெல்லாம் காலையில், ஆபீசுக்குப் போகும் முன். சுருளில் ஓர் இடத்தைத் தொடுவார், முள்ளைப் பார்ப்பார், ஒரு சுற்று தள்ளித் தொடுவார். கீழே நான் இட்லியை வைத்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் காலையில் மச்சிலிருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், டக், டக், டக் என்று மூன்று நிலைக்கும் திருப்பிக் காட்டினார். மூன்றிலும் முள் படுத்த படுக்கை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அந்த ஞாயிறு மாலை ஏழரைக்கு டக் என்று திருப்பினார். முள் நிமிர்ந்து நின்றது. அடுத்த நிலை. அதிலும் நிமிர்ந்தது. மூன்றாவதில் வலது ஓரத்தில் போய் இடித்தது. ஹெட்போனில் டப்பாவுக்குள் அடைத்த வண்டு மாதிரி பூதத்தின் குரல் வந்துவந்து போயிற்றாம். இவருக்கே ஊகித்துத்தான் கேட்டதாம். அக்காவுக்கு எங்கே கேட்கும்? பதில் சொல்லவும் வழியில்லை, வால்வு சிவந்தது. அக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "இதிலேயும் கடல்தான்," என்றாள்.

திங்கட்கிழமை காலையில் போட்டுப் பார்த்தால் மூன்றிலும் முள் பூஜ்யம். சுகமாகப் படுத்திருக்கிறது, கழுதை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது. வோல்டேஜ்தான் காரணம் என்று ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர் வந்தது. முள் நிமிர்ந்தது. மாலைப் பனியில் கம்பி நனைகிறது என்று ஏணி போட்டு ஏறிக் கம்பி முழுவதும் துடைத்தார். நிமிர்ந்தது. ஈயம் வைத்தது சரியில்லை என்று பழைய ஈயத்தை எடுத்துப் புது ஈயம் வைத்தார், அதே இடத்தில், காலை வேளையில். காலையில் படுத்தது, மாலையில் நிமிர்ந்தது. அடுத்த வீட்டுத் தாணுமாலயன் மாமா புதிதாக டியூப்லைட் போட்டிருந்தார். அதன்மேல் சந்தேகம் விழுந்தது.

"மாமா, ஞாயித்துக்கிழமை மட்டும் ஏழரைக்கு அதை அணைச்சு வெக்கணும்."

"எந்தினாக்கும், எதுக்கு? உன்னோட தொல்லையிலே என் ரேடியோவிலே நாடகம் கேக்க முடியறதில்லை. கதாநாயகி அழறச்சே நடுவிலே நீ வந்து 'என் குரல் கேக்கறதா'ங்கறாய். ரொம்ப நன்னாக் கேக்கறது! இப்போ வெளக்கையும் அணைக்கணுமோ?"

ஆனாலும் பாவம், அக்காவுக்காக என்றதும் அணைத்தார். இருட்டில் உட்கார்ந்திருந்தார். முள் நிமிர்ந்தே நின்றது.

நான் சண்டை போட்டேன். "காலம்பற வேலை செய்யறதுன்னா, பூதத்தைக் காலம்பறப் பேசச் சொல்லுங்கோளேன்!" என்றேன். காலையில் ஜாம்பியாவுக்கு வரிசை திறக்காதாம். சாயங்காலம் திறக்கும்போது இவர் பெட்டி திறக்காது. மாலையில் உட்கார்ந்து புதிதாக இடம் பார்த்து ஈயம் வையுங்களேன் என்றும் சொன்னேன். "ஒரு பெட்டி காலம்பற சரியா இருந்தா சாயங்காலமும் சரியா இருக்கணும். தப்பு பெட்டியிலே இல்லை, வேற எங்கேயோ. அதைக் கண்டுபிடிக்காம இடத்தை மாத்தினா நாளைக்கு அதுவும் கெடும்," என்றார். நியாயம் என்னவோ நியாயம்தான். இந்த நியாயத்தை வைத்துக்கொண்டு அக்காவின் காதைப் பிடித்து நிறுத்த முடியுமா?

அந்தக் காது ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. குக்கர் விசில் கேட்கவில்லை. கோவில் மணி கேட்கவில்லை. ஒருநாள் நான் பின்னால் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், அவள் அரிசி களைந்துகொண்டே இருக்கிறாள். திரும்பி என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு பயம் வந்தது. அவள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்று இவரிடம் நான் கத்தவில்லை. கத்தாததைப் பார்த்து இவர்தான் கலங்கிப்போனார். மறுநாள், தைக்கக் கொடுப்பதற்கு நான் எடுத்து வைத்திருந்த புதுப் பட்டு ரவிக்கைத் துணியை வெட்டி, ஹெட்போனின் இரண்டு காதுக்கும் உறை தைத்துப் போட்டிருந்தார். பட்டுக்குத் தீட்டில்லை, அக்கா மடியோடு இருக்கும்போதும் காதில் வைத்துக்கொள்ளலாம் என்று. பாழாய்ப்போன மனுஷன், வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

பங்குனி மாசம். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரதோஷம். பிரதோஷம் என்றால் அக்கா பகல் முழுவதும் விரதம். சாயங்காலம் மறுபடியும் குளித்து மடியுடுத்திப் பூஜை செய்வாள். அன்றும் அப்படியே. நனைந்த ஒன்பது கெஜத்தைப் பிழிந்து கோலால் மூங்கிலில் போட்டுவிட்டு உள்ளே போனாள். இவர் கூடத்தில் நாற்காலியில் சாய்ந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழே கால் ஆகியும் எழுந்திருக்கவில்லை.

"போகலையா?"

"போயி?"

"போங்கோன்னா மேலே! அங்கே ஒருத்தன் ஆகாசத்தைப் பாத்து மாமா மாமான்னு கத்திண்டிருப்பான். வண்டா இருந்தாலும் சரி, போய்க் கேளுங்கோ!"

நான் துரத்தியதால் போனார். நானும் பின்னால் போனேன். மெஷினைப் போட்டு, சூடாகும்வரை காத்திருந்து, பதினைந்து மீட்டருக்கு டக் என்று திருப்பினார். முள் படுத்துவிட்டது. பூஜ்யத்தில். இவர் நம்பாமல் கண்ணாடியை விரலால் தட்டினார். அப்படியே படுத்திருந்தது. மைக்கை எடுத்துக் கூப்பிட்டார். ஸ்பீக்கரிலிருந்து மச்சே அதிரும்படி வந்தது: "மாமா! சுகமா? எத்தனை நன்னாக் கேக்கறது இன்னிக்கு! ஓவர்."

"அக்காவைக் கூப்பிடு!" என்றார். நான் படியில் நின்று கூப்பிட்டேன். எனக்குத்தான் புத்தி இல்லை. காது கேட்காதவளைக் கூப்பிட்டால் வருவாளா? இறங்கத் திரும்பினேன். அதற்குள் பின்னால் பூதத்தின் குரல் கிணற்றுக்குள் போவது போல அமுங்கியது. இவர், "ஐயோ!" என்றார். முள் வலது ஓரத்துக்கு எகிறிவிட்டது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது என்பார்களே, அதை நேரில் பார்த்தேன்.

இவர் ஜன்னலைப் பார்த்தார். கொல்லை விளக்கு வெளிச்சத்தில் அக்கா கோலைத் தூக்கி மூங்கிலிலிருந்து புடவையை இழுத்துக்கொண்டிருந்தாள். பலாமரத்துக்கு வவ்வால் வருகிற நேரம், எச்சம் பட்டுவிடுமே என்று. இவர் முள்ளைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். திரும்பவும் முள்ளைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு கத்தினார்: "அக்கா! எடுக்காதே! போடு! திருப்பிப் போடு!"

தெரு முழுவதும் கேட்டது, அக்காவைத் தவிர.

நான் விழுந்தடித்து ஓடினேன். அவளைத் தொட முடியாது. புடவையைத் தொட முடியாது. எதிரே போய் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன்.

"தள்ளிப் போ மங்கலம்! படாதே!"

"பூதம் வந்துட்டான்க்கா! புடவையை மேலே போடுங்கோ!"

அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காதருகே போய் மறுபடியும் கத்தினேன். உடனே வாசல் பக்கம் திரும்பினாள். "வந்துட்டானா? எங்கே?"

"ஆகாசத்திலே! முதல்லே புடவையைப் போடுங்கோ!"

"அவன் வந்ததுக்கும் என் புடவைக்கும் என்னடீ?"

"எனக்கும் தெரியாது! உங்க தம்பியைக் கேளுங்கோ! போடுங்கோ!"

ஈரப்புடவையைக் கோலில் சுருட்டி உயர்த்தினாள். விரதம் இருந்த உடம்பு, பாரம் தாங்கவில்லை. நான் கை கொடுக்க முடியாமல் நின்றேன். புடவை நழுவித் தரையில் விழுந்தது. மண்ணும் பலாச்சருகும் அப்பிக்கொண்டன. மடி போயிற்று, வேறு நாளாக இருந்தால் அதைத் திரும்பவும் கிணற்றடிக்குக் கொண்டுபோயிருப்பாள். அக்கா ஒரு கணம் பார்த்தாள். பிறகு அந்த மண்ணோடு அப்படியே வாரி எடுத்து மேலே வீசினாள். நான் பார்க்க அவள் அப்படி ஒரு காரியம் செய்தது கிடையாது.

ஜன்னலிலிருந்து, "வந்தாச்சு! வந்தாச்சு! கூட்டிண்டு வா!" என்று குரல் வந்தது.

அவள் மச்சுப்படி ஏறி முக்காலியில் உட்கார்ந்தாள். இவர் பட்டு உறை போட்ட ஹெட்போனை எடுத்து அவள் தலையில் வைத்து, சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றினார். பக்கத்தில் நின்ற எனக்கே ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"மாமா, அம்மா இருக்காளா? ஓவர்."

இவர் மைக்கை அழுத்தினார். "கேட்டுண்டிருக்கா. முக்கியமில்லாத விஷயமாப் பேசு. ஓவர்." அந்த நேரத்திலும் இவருக்குச் சட்டம்.

பூதம் பேசினான். "இங்கே இன்னிக்கு வெண்டைக்காய் சாம்பார் வெச்சேன். புளி கூடிப்போச்சு. மழை விட்டுடுத்து. பக்கத்தாத்து நாய் நாலு குட்டி போட்டிருக்கு, ஒண்ணு என் வாசல்லேயே படுத்திருக்கு. ராத்திரி நன்னாத் தூங்கறேன். இருமல் இல்லை…"

அக்கா அசையவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்து பட்டு உறையை நனைத்தது. "குரல் தடிச்சுப்போச்சுடா நீலா," என்றாள். பிறகு, "அவன் அப்பா குரல்," என்றாள். தனக்கு மெல்லச் சொல்லிக்கொண்டதாக அவள் நினைத்திருப்பாள். காது போனவர்களின் குரல் அவர்களுக்குத் தெரியாது, அது கொல்லைவரைக்கும் கேட்டிருக்கும். உடனே மைக்கின் பக்கம் குனிந்து, "எண்ணெய் தேச்சுக் குளிக்கறியோ?" என்று ஒரு கத்தல். பூதம் ஓவர் சொல்லியிருந்தான், பதில் சொல்ல இவர் கை மைக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. எடுக்கவில்லை. லைசென்ஸ் இல்லாத அந்தக் குரல் ஜாம்பியாவுக்குப் போயிற்று. அது முக்கியமான விஷயமா இல்லையா என்று டில்லிதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் இவரே எனக்கு விளக்கினார். ஏரியலின் நுனிக்குக் கீழே ஈரப்புடவை தொங்கினால் கம்பி நீளம் கூடிய மாதிரி நடந்துகொள்ளுமாம். காலையில் அக்கா புடவை போட்ட பிறகு இவர் மச்சில் உட்கார்ந்து ஈயம் வைத்திருக்கிறார்; மத்தியானம் அது காய்ந்து அவள் எடுத்துவிடுகிறாள்; மாலையில் இவர் போட்டால் அது வேறு ஏரியல். இவ்வளவு நாளும் மூங்கிலைத் தன் கையால் கட்டிக்கொடுத்துவிட்டு, கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு, தாணுமாலயன் மாமாவை இருட்டில் உட்கார வைத்திருக்கிறார்! நான் சிரித்தேனா திட்டினேனா என்று நினைவில்லை. இரண்டும் செய்திருப்பேன்.

"செரி. இப்போ புடவை இல்லாம ஒருக்கா இடம் பாத்து ஈயம் வெச்சுடுங்கோ. அரை மணி வேலை," என்றேன்.

"ஆகட்டும். இந்த வாரம்," என்றார்.

அந்த வாரம் வரவே இல்லை. ஞாயிறு மாலை அக்கா தானாகவே குளித்துப் புடவையைப் பிழிந்து மூங்கிலில் போட்டுவிட்டு மச்சுக்கு வந்து உட்கார்ந்தாள். விளக்குக்கு எண்ணெய் விடுகிற மாதிரி அது அவளுக்கு ஒரு காரியமாகிவிட்டது. தன் புடவைதான் பிள்ளையைக் கொண்டுவருகிறது என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். படித்த மனுஷன், அது அப்படியில்லை என்று சொல்ல வேண்டாமா? "அப்படித்தானே இருக்கு," என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாரம் தவறாமல் ஓர் ஈரப்புடவையைக் கட்டிக்கொண்டு அழுவதற்கா ஒற்றைக் குமிழ்?

பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் அவள் கேட்டாள். ஆடி பிறந்து கர்க்கிடக மழை பிடித்ததும் டாக்டர் சொன்னது நடந்தது. ஒரு ஞாயிறு ஹெட்போனை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கழற்றி, பட்டு உறையை நீவிச் சரிசெய்து தம்பியிடம் கொடுத்தாள். "போறும்டா," என்றாள்.

இனியாவது அந்த ஈயத்தை மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மழை விட்டிருந்தது. அவள் வழக்கம்போலக் குளித்து, புடவையை மூங்கிலில் போட்டு, மச்சுக்கு வந்து முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பெட்டிக்கு எதிரே அல்ல, ரிசீவருக்கு எதிரே. அதிலும் ஒரு முள் உண்டு. எதிராளி குரல் எடுத்தால் எழும், தணிந்தால் இறங்கும். இவர் டக் என்று திருப்பினார். பூதம் பேச ஆரம்பித்தான். முள் துள்ளியது. அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தாள்.

"இன்னிக்கு உரக்கப் பேசறான். கோபமோ?"

இவர் தலையை ஆட்டி, சிரிக்கிறான் என்று கையால் காட்டினார். அவளும் சிரித்தாள். இவர் எங்கோ நினைவாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் எதுதான் ஒழுங்காக நடக்கிறது என்று எனக்கு எரிச்சல் வந்தது. சிறிது நேரத்தில் முள் இறங்கி அசையாமல் நின்றது. அக்கா தம்பியின் தோளில் தட்டினாள்.

"அவன் ஓவர் சொல்லியாச்சு. நீ பேசு."